ஏர் ரைபிள் பெல்லட் பிரிக்கிறது எப்படி: முதல்ல சல்லடை, அப்புறம்தான் தராசு

கோத்தகிரி பக்கம் ஒரு டீ பேக்டரியில 20 வருசத்துக்கு மேல சார்ட்டிங் ரூம்ல நின்னவன் நான். டிரையர்ல இருந்து வர்ற தூள எடுத்து சல்லடை மேல சல்லடையா போட்டு, நார் தனியா, டஸ்ட் தனியா, பெரிய தூள் தனியா பிரிச்சு மூட்டை கட்டுறதுதான் பொழப்பு. தம்பி பொண்ணு ஸ்கூல்ல ஏர் ரைபிள் சுட ஆரம்பிச்சு 4 வருசம் ஆச்சு, அவளுக்கு பெல்லட், அதாவது அந்தத் துப்பாக்கில போடுற சின்ன ஈயக் குண்டு, அதுல நல்லத பிரிச்சுக் கொடுக்கிற வேலை எப்படியோ என் கைக்கு வந்துருச்சு. மலையில இப்ப நிறைய பசங்க இந்த விளையாட்டுக்கு வர்றாங்க, வந்ததும் கேக்கிற முதல் கேள்வி "எந்த பெல்லட் நல்லதுங்க"ன்னுதான். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில பதில் கிடையாது, ஆனா பதில எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு படிப்படியா சொல்ல முடியும். அதுக்குத்தான் இது.

இவ்வளவு நுணுக்கம் ஏன் வேணும்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. 10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டோட நடுவுல இருக்கிற 10 புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர்தான், பேனா முனையில வச்ச புள்ளி மாதிரி. நம்ம பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். பெல்லட்டோட நடு டார்கெட்டோட நடுவுல இருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் தள்ளிப் போறப்பவும் ஒரு டெசிமல், அதாவது 0.1 பாயிண்ட், குறையும், 10.9 வந்தா கிட்டத்தட்ட நட்ட நடு, 2.5 மில்லிமீட்டரத் தாண்டிட்டா 10 போயி 9ல நிக்கும். 2008ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா கடைசி ஷாட்டுல 10.8 அடிச்சு தங்கம் வாங்கினாரே, அப்ப எல்லாம் தகுதிச் சுற்றுல முழு எண்தான் கணக்கு, 10.1 அடிச்சாலும் 10, 10.8 அடிச்சாலும் 10, டெசிமல் பைனல்ல மட்டும்தான். 2013ல இருந்து ரைபிளுக்கு தகுதிச் சுற்றுலயே டெசிமல் வந்துருச்சு, இப்ப 60 ஷாட், மொத்தம் 654. ஆக ஒவ்வொரு ஷாட்டுலயும் பெல்லட் கோளாறுனால கால் மில்லிமீட்டர் போனாக்கூட 60 ஷாட்டுக்கு 6 பாயிண்ட். கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் மாதிரி உலகக் கோப்பைல சுடுறவங்களுக்கு 6 பாயிண்ட்ங்கிறது பைனலுக்குள்ள போறதுக்கும் வீட்டுக்குப் போறதுக்கும் நடுவுல உள்ள தூரம். புதுசா வர்ற பிள்ளைக்கு அவ்வளவு தேவையில்லதான், ஆனா தப்பு தன் மேலயா பெல்லட் மேலயான்னு தெரியாம ஒரு பிள்ளை மாசக்கணக்கா முழிக்கிறத நான் பார்த்திருக்கேன், அது ரொம்ப பாவம்ங்க.

பெல்லட்டத் தொடுறதுக்கு முன்னாடி கையெழுத்து போட்டுக் கொடுக்கிற மாதிரி மனசுல வாங்கிக்க வேண்டிய விசயம் சிலது இருக்கு. குழாய்த் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேல போகாத, குண்டு கிளம்புற சக்தி 20 ஜூலுக்குள்ள இருக்கிற ஏர் கன்னுக்கு நம்ம நாட்டுல லைசென்ஸ் வேண்டியதில்ல, போட்டில சுடுற மேட்ச் ரைபிள் எல்லாம் 7, 8 ஜூல்தான் வரும். லைசென்ஸ் இல்லைங்கிறதுக்காக அது விளையாட்டு பொம்மை ஆகிடாது, கண்ணுல பட்டா கண்ணு போயிரும். சுடுறப்ப எல்லாரும் கண்ணாடி போடணும், பின்னாடி பெல்லட் பிடிக்கிற பெட்டி இருக்கணும், அதுக்கும் பின்னாடி செவுரு இருக்கணும். தேயிலைத் தோட்டத்துல குரங்க விரட்ட, குருவி அடிக்கன்னு ஏர் கன்ன எடுத்துட்டுப் போறவங்கள பார்த்தா எனக்கு வயிறு எரியும், 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துல அது குற்றம், முதுமலை மாதிரி சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம ஆயுதத்தோட நுழையறதே குற்றம். நம்ம ஊர்ல வீட்டுக்குப் பின்னாடியே காடு, அதனால இதை இங்க கூடுதலா சொல்ல வேண்டியிருக்கு. ரேஞ்ச்ல மட்டும், பேப்பர் மேல மட்டும்.

இன்னொன்னு, பெல்லட் ஈயம். பிரிக்கிற வேலைல மணிக்கணக்கா ஈயத்த கையால தொடுறோம். அந்த மேசைல டீ டம்ளர் வைக்காதீங்க, வர்க்கி தின்னுக்கிட்டே பிரிக்காதீங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, சின்னப் பிள்ளைங்க கை எட்டுற இடத்துல டின்ன வைக்காதீங்க. சமையல்கட்டுல இருந்து எடுத்த கிண்ணமோ ஐஸ் ட்ரேயோ ஒருமுறை இதுக்கு வந்துட்டா திரும்ப அடுப்பங்கரைக்குப் போகவே கூடாது.

சரி, பெல்லட்டுக்கு வருவோம். ஒரு பெல்லட்ட எடுத்து வெளிச்சத்துல பாருங்க. முன்னாடி தட்டையா ஒரு தலை, அதுதான் ஹெட். நடுவுல ஒடுங்கின இடுப்பு. பின்னாடி விரிஞ்ச பாவாடை மாதிரி ஸ்கர்ட், உள்ள குழிவா இருக்கும். ஹெட் பேரலுக்குள்ள, அதாவது துப்பாக்கிக் குழாய்க்குள்ள, சுழிச்சு வெட்டியிருக்கிற புரியோட மேட்டுல உரசிக்கிட்டு, பெல்லட்ட நேரா பிடிச்சுக்கிட்டுப் போகும். காத்து பின்னாடி இருந்து தள்ளுறப்ப ஸ்கர்ட் விரிஞ்சு பேரலோட ஒட்டி காத்து ஒழுகாம அடைக்கும். ஹெட் சின்னதா இருந்தா பெல்லட் லேசா ஆடிக்கிட்டே போகும், பெருசா இருந்தா இறுகி வேகம் மாறும், ஸ்கர்ட் நசுங்கியிருந்தா ஒரு பக்கமா காத்து முந்தி, வாயில இருந்து வெளிய வர்றப்பவே பெல்லட்ட ஒரு பக்கம் தட்டி விட்டுரும்.

டின் மேல 4.49, 4.50, 4.51னு போட்டிருக்கிறது இந்த ஹெட் சைஸ்தான். 4.5 எம்எம் துப்பாக்கிக்கு எதுக்கு இத்தனை சைஸ்னா, ஒவ்வொரு பேரலும் ஒவ்வொரு மாதிரி, ஒரே கம்பெனி ஒரே மாடல் ரைபிள் ரெண்டு எடுத்தாலும் ஒன்னுக்கு 4.49 பிடிக்கும் இன்னொன்னுக்கு 4.50 பிடிக்கும். ஈயக் கம்பிய வெட்டி அச்சுல அழுத்தித்தான் பெல்லட் செய்யிறாங்க, அச்சு தேயத் தேய அளவு கொஞ்சம் கொஞ்சமா மாறும், அதனாலதான் எந்தத் தடவை செஞ்சதுன்னு தெரிய டின்னுக்கு லாட் நம்பர் போடுறாங்க. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி மேட்ச், எந்த டின்ன எடுத்தாலும் சரி, பேர விட லாட் நம்பர்தான் முக்கியம். டீ தூள்லயும் இதே கதைதான், ஒரே பேக்டரி, ஒரே பிஓபி கிரேடு, ஆனா மழை நாள் இலைல வந்த தூளும் வெயில் நாள் இலைல வந்த தூளும் ஒன்னா இருக்காது, ரெண்டையும் ஒரே மூட்டைல கொட்டினா ரெண்டும் கெட்டுச்சு.

முதல் வேலை பேரல சுத்தம் பண்றது. பெல்லட் டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ஃபெல்ட் துண்டு, அதாவது அதுக்குன்னே விக்கிற கம்பளிக் குண்டு, நாலஞ்ச விட்டு எடுங்க, கருப்பா வர்றது வெளுக்கிற வரைக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க. எண்ணெய்ல கை வைக்கவே வைக்காதீங்க, குறிப்பா ஸ்பிரிங் கன் வச்சிருக்கவங்க. பிஸ்டன் அழுத்துற காத்து சூடாகி அந்த எண்ணெய் உள்ளயே பத்திக்கும், புகை வரும், வேகம் தாறுமாறாகும், சீல் போயிரும். வீட்டுல கிடக்கிற தேங்காய் எண்ணெய தடவினவங்களையும் பார்த்திருக்கேன், அது நம்ம குளிருக்கு பாட்டில்லயே கட்டியா நிக்கும், பேரலுக்குள்ள போனா என்ன ஆகும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

சுத்தம் பண்ணின உடனே சுடுற ஷாட்ட நம்பாதீங்க. ஒரு 10, 15 ஷாட் போனாத்தான் பேரல்ல ஈயம் லேசா படிஞ்சு நிலைக்கு வரும். பெல்லட் பிராண்ட மாத்துறப்பவும் அப்படித்தான், முதல் 10 ஷாட்ட கணக்குல சேர்க்காதீங்க.

அடுத்தது சாம்பிள். 4.49, 4.50, 4.51 மூணும் ஒவ்வொரு டின் வாங்குங்க, முடிஞ்சா ஒரே பிராண்டு, ரைபிளுக்குன்னு வர்ற 0.53 கிராம் எடை. 500 போட்ட டின் மூணு வாங்க கையில காசு இல்லைன்னா ரேஞ்ச்ல சுடுற மத்த பிள்ளைங்களோட சேர்ந்து ஆளுக்கு ஒன்னு வாங்கி பங்கு போட்டுக்கோங்க, நாங்க அப்படித்தான் ஆரம்பிச்சோம். கடையில வாங்குறப்ப டின்ன ஆட்டிப் பாக்காதீங்க, ஆட்டி ஆட்டித்தான் ஸ்கர்ட் நசுங்குது. கோயம்புத்தூர்ல இருந்து மேட்டுப்பாளையம் வழியா பஸ்ல கொண்டு வர்றப்ப டின்ன பைக்குள்ள துணி சுத்தி வைங்க, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் 500 பெல்லட்டும் ஒன்னோட ஒன்னு மோதும். டின்ன திறந்து மேல ஸ்பாஞ்ச் ஒன்னு வெட்டி வச்சு அழுத்தி மூடினா ஆடாது.

இப்ப டெஸ்ட். பிசிபி, அதாவது சிலிண்டர்ல காத்து அடைச்ச மேட்ச் ரைபிளா இருந்தா பெஞ்ச்ல கிளாம்ப் போட்டு, ரப்பர் வச்சு, அசையாம பிடிச்சுட்டு சுடலாம். ஸ்பிரிங் கன்ன கிளாம்ப் பண்ணாதீங்க, அது முன்னாடியும் பின்னாடியும் உதைக்கிற துப்பாக்கி, இறுக்கிப் பிடிச்சா சண்டை போடும். மணல் மூட்டை மேல உள்ளங்கைய வச்சு, அந்தக் கை மேல துப்பாக்கிய சும்மா படுக்க வச்சு, உதைக்கிறப்ப அதுபாட்டுக்கு நகர விடணும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே இடத்துல.

ஒவ்வொரு சைஸ்லயும் 5 ஷாட், ஒரு பேப்பர். ஆனா 4.49ல 25 ஷாட்டையும் முடிச்சுட்டு அப்புறம் 4.50ன்னு போகாதீங்க. 4.49 ஒரு பேப்பர், 4.50 ஒரு பேப்பர், 4.51 ஒரு பேப்பர், திரும்ப 4.49ன்னு சுத்தி சுத்தி வாங்க. ஒரே பிராண்டு ஒரே ஈயம்ங்கிறதால சைஸ் மாத்துறதுக்கு அந்த 10 ஷாட் தேவையில்ல, அது பிராண்டு மாறுறப்பத்தான். காலைல 8 மணிக்கு கை விறைச்சு இருக்கும், 11 மணிக்கு வெயில் ஏறிருக்கும், அந்த நல்லது கெட்டது மூணு சைஸுக்கும் சமமா போகணும்ல. இன்னொரு விசயம், சுடுறவங்களுக்கு எது எந்த சைஸ்னு தெரியக் கூடாது. நான் டின்ன மறைச்சு ஏ, பி, சின்னு மட்டும் எழுதி வைப்பேன், தம்பி பொண்ணு "பெரியப்பா, பி நல்லா போகுது, அது எது?"ன்னு கேப்பா, முடியிற வரைக்கும் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுட்டா மனசு அந்தப் பக்கம் சாஞ்சுரும்.

சைஸுக்கு 5 பேப்பர், மொத்தம் 15 பேப்பர் முடிஞ்சதும் வெர்னியர் காலிப்பர் எடுத்து ஒவ்வொரு குரூப்லயும், அதாவது ஒரு பேப்பர்ல விழுந்த 5 ஓட்டைல, ரொம்பத் தள்ளி இருக்கிற ரெண்டு ஓட்டையோட வெளி விளிம்புல இருந்து வெளி விளிம்பு வரைக்கும் அளந்து, அதுல 4.5 கழிங்க. 7.3 வந்தா 2.8, அது ரெண்டு ஓட்டையோட நடுவுக்கு நடு தூரம். 5 பேப்பர் அளவையும் கூட்டி சராசரி போடுங்க, அதோட மோசமான பேப்பரையும் தனியா குறிச்சு வைங்க. எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, அஞ்சுல ரொம்ப அழகா வந்த ஒரு பேப்பர எடுத்து போட்டோ பிடிச்சு இதுதான் என் துப்பாக்கின்னு முடிவு பண்றது. 5 ஷாட் ஒரே ஓட்டைல போறது சும்மா அதிர்ஷ்டத்துலயும் நடக்கும். மோசமான பேப்பர் எந்த சைஸுக்கு ரொம்ப மோசமா இல்லையோ அதை எடுங்க, மேட்ச்ல காப்பாத்தப் போறது அதுதான்.

ரெண்டு சைஸ் கிட்டத்தட்ட சமமா வந்தா மண்டைய உடைச்சுக்க வேண்டாம், எது கடையில தொடர்ந்து கிடைக்கும்னு கேட்டு அதை எடுத்துக்கோங்க.

சைஸ் முடிவானதும் அந்த லாட்லயே கையில இருக்கிற காசுக்கு எத்தனை டின் முடியுமோ அத்தனையும் வாங்குங்க. ஒரு தடவை நான் இதுல சறுக்கிட்டேன். டெஸ்ட் பண்ணின டின் தீந்து போச்சு, கடைக்காரர் அதே பிராண்டு அதே 4.50தான்னு கொடுத்தார், நானும் லாட் நம்பர பாக்காம வாங்கி, இருந்த மிச்சத்தோட ஒன்னா கொட்டிட்டேன். அடுத்த ரெண்டு வாரம் அவ குரூப் ரெண்டு கொத்தா விழுந்துச்சு, மேல ஒன்னு, கொஞ்சம் கீழ வலது பக்கம் ஒன்னு. பிள்ளை டிரிக்கர்ல தப்பு பண்றேன்னு நினைச்சு அழுதா. கோச்சும் டிரிக்கரையே பார்த்துக்கிட்டு இருந்தார். கடைசில டின்ன கொட்டி லென்ஸ் வச்சுப் பார்த்தப்பத்தான் ரெண்டு விதமான ஸ்கர்ட் இருக்கிறது தெரிஞ்சுது. அன்னைக்கு இருந்து ஒரு டின் காலியாகாம இன்னொரு டின்ன திறக்கிறதே இல்ல.

இனிதான் பிரிக்கிறது. நல்ல டார்ச்சோ டேபிள் லைட்டோ, வெள்ளத் துணி, சின்ன லென்ஸ் போதும். 20, 20 பெல்லட்டா துணி மேல மெதுவா கொட்டி, ஸ்கர்ட் மேல் பக்கம் பாக்கிற மாதிரி நிமித்தி வைங்க. ஸ்கர்ட் வட்டமா இருக்கா, விளிம்புல வெட்டு இருக்கா, உள்ள ஈயச் சுருள் ஒட்டியிருக்கா பாருங்க. அப்புறம் கவுத்தி ஹெட்ட பாருங்க, சொட்டை இருக்கான்னு. சந்தேகமா இருக்கிறத எல்லாம் ஒரு டப்பால போடுங்க, அது ப்ராக்டீஸ்ல முதல் பத்து ஷாட்டுக்கு, டிரிக்கர் பழகுறதுக்கு ஆகும், தூக்கி எறிய வேண்டியதில்ல. நசுங்கின ஸ்கர்ட்ட பேனா முனைய விட்டு விரிச்சு சரி பண்றேன்னு உக்காராதீங்க, வெளிய பார்த்தா வட்டமா தெரியும், ஈயம் ஒரு பக்கம் மெலிஞ்சு இருக்கும்.

அடுத்தது கண்ணாடி உருட்டு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இதுதான், சல்லடை வேலைக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கிறது. ஒரு டம்ளர படுக்கப் போட்டு உருட்டினா அது நேரா போகாது, வாய்ப் பக்கம் பெருசு அடிப் பக்கம் சிறுசுங்கிறதால வட்டமா சுத்தும். பெல்லட்டும் அப்படித்தான், ஸ்கர்ட் பெருசு ஹெட் சிறுசு. ரெண்டடி நீளத்துல ஒரு கண்ணாடிய எடுத்து, ஒரு பக்கத்த ஒரு தீப்பெட்டி உயரத்துக்கு தூக்கி வச்சு, மேல் ஓரத்துல எப்பவும் ஒரே இடத்துல ஒரே திசைல பெல்லட்ட வச்சு விடுங்க. தள்ளாதீங்க, விரல எடுத்தா மட்டும் போதும். வளைஞ்சு வந்து கீழ ஒரு இடத்துல விழும். பத்து விட்டுப் பார்த்தா எங்க விழுதுன்னு தெரிஞ்சுரும், அந்த இடத்துல ஒரு சின்ன டப்பா வைங்க. ஹெட்டுக்கும் ஸ்கர்ட்டுக்கும் உள்ள விகிதம் ஒரே மாதிரி இருக்கிறது எல்லாம் அந்த டப்பாக்குள்ள விழும், மாறினது வெளிய விழும், ஸ்கர்ட் கோணலா இருக்கிறது தத்தித் தத்தி வரும். கண்ணுக்குத் தப்பினது இதுல மாட்டும். 500 பெல்லட்ட ஒரு மணி நேரத்துல முடிச்சுரலாம், ரேடியோல பாட்டு ஓடினா நேரம் போறதே தெரியாது. கண்ணாடி காய்ஞ்சு இருக்கணும், மிஸ்ட் உள்ள வர்ற நாள்ல கண்ணாடில ஈரம் படியும், அன்னைக்கு வேண்டாம்.

ஹெட்ட நேரா அளக்கிறதுக்கு மைக்ரோமீட்டர் வாங்கலாமான்னு கேப்பாங்க. ஈயம் ரொம்ப மெது, மைக்ரோமீட்டர் தாடைக்குள்ள வச்சு இறுக்குறப்பவே நசுங்கி அளவு மாறிடும், 4.50ம் 4.49ம் பிரிக்கிற அளவுக்கு அதை நம்ப முடியாது, அளந்த பெல்லட்டும் வீணு. அதுக்குன்னு துளை போட்ட தட்டு ஒன்னு வருது, பெல்லட் கேஜ்னு சொல்லுவாங்க, 4.48, 4.49னு நுணுக்கமா துளை இருக்கும், ஹெட்ட மேல வச்சா எந்தத் துளைல அழுத்தாம இறங்குதோ அதுதான் சைஸ். அதுவும் சல்லடைதான். புதுசா வர்றவங்களுக்கு தேவையில்ல, மாநில அளவுக்குப் போறப்ப பார்த்துக்கலாம்.

கடைசிலதான் தராசு. எல்லாரும் முதல்ல ஓடிப் போயி வாங்குறது அதைத்தான், அதனாலதான் நான் இவ்வளவு தூரம் தள்ளி வச்சேன். கணக்கு ஒன்னு சொல்றேன். 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வேகத்துல கிளம்பி 10 மீட்டர் போறதுக்கு 0.06 நொடி ஆகும், அதுக்குள்ள அது கீழ இறங்குறது சுமாரா 18 மில்லிமீட்டர். எடைல நூத்துக்கு ஒரு பங்கு, அதாவது 0.005 கிராம் கூடினா வேகம் நூத்துக்கு அரைப் பங்கு குறையும், இறக்கம் நூத்துக்கு ஒரு பங்கு கூடும், ஆக 0.18 மில்லிமீட்டர். ஒரு டெசிமல் கூட முழுசா இல்ல. ஆனா ஒரு நசுங்கின ஸ்கர்ட் ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளி எறியும். 0.53, 0.53ன்னு எடை எல்லாம் பக்காவா பிரிச்சு, நசுங்கின பெல்லட்டையும் அதுக்குள்ள சேர்த்து வச்சிருந்தா என்ன பிரயோஜனம்? எடை சரியா இருக்கிற நசுங்கின பெல்லட்ட தராசு கண்டுபிடிக்காது, சல்லடைதான் கண்டுபிடிக்கும்.

அப்ப தராசு வேண்டவே வேண்டாமான்னா, மேட்ச்சுக்கு வேணும். ஒரே லாட்டுக்குள்ள ஒன்னு ரெண்டு பெல்லட் ரொம்ப இலேசாவோ ரொம்ப கனமாவோ இருக்கும், அச்சுல ஈயம் நிறையாம போனது, அப்படி ஏதாவது. அதைப் பொறுக்கி எடுக்கத்தான். 0.01 கிராம் காட்டுற நகைத் தராசு பத்தாது, நமக்கு வேணுங்கிற வித்தியாசமே 0.005, அதனால 0.001 காட்டுறதா வாங்குங்க. அதை ஆன் பண்ணி அரை மணி நேரம் சும்மா விடுங்க, குளிர்ல இருந்து எடுத்த தராசு சூடு ஏறுற வரைக்கும் நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும். ஜன்னல் சாத்தணும், மின்விசிறி நம்ம ஊர்ல இல்ல, அது ஒரு வசதி, ஆனா நம்ம மூச்சுக்காத்துக்கே அது ஆடும், அதனால மூடி போட்ட தராசுதான் நல்லது. கூட வர்ற படிக்கல்ல வச்சு நீங்க இருக்கிற ஊர்லயே காலிபிரேட் பண்ணிக்கோங்க. சென்னைல சரி பண்ணின தராசு 2240 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊட்டில பத்தாயிரத்துல ஏழு பங்கு குறைச்சுக் காட்டும், பெல்லட் அளவுக்கு அது ஒன்னும் தெரியாது, ஆனா பஸ்ல குலுங்கி வந்ததுல அதை விட பெருசா மாறியிருக்கலாம்.

ஒரு பெல்லட்ட மட்டும் தனியா எடுத்து அதுல ஒரு கோடு போட்டு வைங்க, அது சாட்சி பெல்லட். 25 பெல்லட் எடை போட்டதும் சாட்சிய எடுத்து வச்சுப் பாருங்க, முதல்ல காட்டின அதே நம்பர் காட்டுதான்னு. மாறியிருந்தா தராசு ஓடுது, அந்த 25ஐயும் திரும்பப் போடணும். இந்த ஒரு பழக்கம் இல்லாம எடை போடுறது வேஸ்ட். பிரிக்கிறது மூணு டப்பா போதும், நடு எடை, அதுக்குக் கீழ 0.005, மேல 0.005. அதுக்கும் வெளிய போறது ப்ராக்டீஸ் டப்பாக்கு. எட்டு பத்து டப்பா வச்சு பிரிக்கிறவங்க இருக்காங்க, அது மன திருப்திக்கு.

பிரிச்சு வச்சத பத்திரமா வைக்கிறது மலையில தனி வேலை. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு மழை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அடுத்த மழை, கோத்தகிரி குன்னூர் பக்கம் ரெண்டாவது மழைதான் வெளுத்து வாங்கும். ஈரத்துல ஈயம் மேல வெள்ளையா பூக்கும், மாவு மாதிரி. மர பீரோக்குள்ள வச்சா இன்னும் வேகமா பூக்கும், மரத்துல இருந்து வர்ற புளிச்ச ஆவி ஈயத்துக்கு ஆகாது. நான் சில்வர் ஓக் பலகைல அழகா ஒரு பெட்டி செஞ்சு அதுக்குள்ள அடுக்கி வச்சேன், ஒரு மழைக்காலத்துல ரெண்டு டின் வெளுத்துப் போச்சு. இப்ப இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான். வெள்ளைப் பூ பிடிச்ச பெல்லட்ட துடைச்சு சுடாதீங்க, அந்தப் பொடியும் ஈயம்தான், மூச்சுல போகக் கூடாது, மூடி தனியா வச்சுருங்க. டிசம்பர் ஜனவரில உறைபனி விழுற ராத்திரி கார்லயே டின்ன விட்டுட்டு காலைல சூடான ரூமுக்குள்ள கொண்டு வந்து உடனே திறந்தா பெல்லட் மேல வேர்த்துப் போகும், மூடினபடியே அரை மணி நேரம் வச்சுட்டு அப்புறம் திறங்க.

போடுறதுலயும் ஒரே சீர் வேணும். 500ம் பொறுக்கி எடுத்துட்டு ஒன்ன ஆழமா ஒன்ன மேலோட்டமா திணிச்சா பிரிச்ச வேலை எல்லாம் போச்சு. மடக்குற ஸ்பிரிங் கன்னுல ஸ்கர்ட் பேரல் விளிம்போட சமமா வர்ற வரைக்கும் கட்டை விரலால ஒரே அழுத்தம், மேட்ச் ரைபிள்னா பள்ளத்துல ஹெட் முன்னாடி பாக்க படுக்க வச்சு லிவர மெதுவா மூடணும், தட்டி மூடக் கூடாது. குளிர்ல விரல் மரத்துப் போயி பெல்லட் நழுவி தரைல விழும், விழுந்தத எடுத்து ஊதிப் போடாதீங்க, அது ப்ராக்டீஸ் டப்பாக்குதான். தம்பி பொண்ணு விரல் நுனி வெட்டின கம்பளிக் கையுறை போட்டுக்கிட்டு, ஷாட்டுக்கு ஷாட்டு கைய ஸ்வெட்டர் பாக்கெட்டுல விட்டு சூடு பண்ணிக்குவா.

கீழ ஊர்ல மேட்ச்சுக்குப் போறப்ப குரூப் ஒரு பொடி இடம் மாறி விழுந்தா பயந்துக்காதீங்க, பெல்லட் கெடல. ஊட்டில காத்தோட அடர்த்தி சென்னைய விட அஞ்சுல ஒரு பங்கு குறைவு, அதனால 10 மீட்டர்ல பொடி அளவுக்கு வித்தியாசம் வரும், மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி கணக்குல சேராம சுடுற சைட்டிங் ஷாட்டுல, குறி பாக்கிற சைட்ட ஒன்னு ரெண்டு கிளிக் திருப்பி சரி பண்ணிரலாம். ஸ்பிரிங் கன்னுல இன்னும் கொஞ்சம் கூட தெரியும், அது சுத்தி இருக்கிற காத்தைத்தானே அழுத்துது. குரூப் இடம் மாறினா சைட்ட திருப்புங்க, குரூப் பெருசானா மட்டும் பெல்லட்ட சந்தேகப்படுங்க.

ஒரு 40 பக்க நோட்டு வைங்க. தேதி, டின், லாட் நம்பர், ஹெட் சைஸ், எத்தனை பொறுக்கி எடுத்தோம், எத்தனை ஒதுக்கினோம், குரூப் சராசரி, மோசமான பேப்பர், அன்னைக்கு மழையா வெயிலா. ஒரு டின்ல 500க்கு 20 ஒதுக்கினா அடுத்த டின்லயும் அவ்வளவுதான் வரணும், திடீர்னு 80 ஒதுக்குற மாதிரி வந்தா அந்த டின் வழியில எங்கயோ கீழ விழுந்திருக்கு.

கடைசி டின்ன திறக்கிற அன்னைக்கே அடுத்த லாட்டுக்கு சாம்பிள் தேட ஆரம்பிச்சுருங்க. பழைய லாட்ல நல்லா பிரிச்ச 50 பெல்லட்ட தனியா எடுத்து, டப்பா மேல லாட் நம்பரும் தேதியும் எழுதி ஒட்டி, தொடாம வைங்க. புது லாட் வந்ததும் ஏ பழசு, பி புதுசுன்னு மறைச்சு வச்சு அதே மாதிரி மாத்தி மாத்தி 5 பேப்பர் சுட்டுப் பாருங்க. புதுசோட மோசமான பேப்பர் பழசோட மோசமான பேப்பர விட பெருசா இல்லைன்னா வாங்குங்க, பெருசா இருந்தா அந்த லாட்ட விட்டுட்டு வேற லாட் கேளுங்க.